மைனஸ் பன்னிரண்டில் வெளி மேசை

டொராண்டோவில் இறங்கிய முதல் நாள் மதியம் எனக்குச் சாப்பாடு போட்டவர்கள் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். வெளியே என்றால் கட்டடத்துக்கு வெளியே. பிப்ரவரி மாதம். மைனஸ் பன்னிரண்டு.

குளிர் எனக்குப் புதிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எங்கள் குளிர் அறை மைனஸ் பதினெட்டு. தினமும் அதற்குள் போய் வருகிறவள் நான். அந்தக் கணக்கில் டொராண்டோ எனக்கு ஆறு டிகிரி சொகுசாக இருந்திருக்க வேண்டும். விமான நிலையக் கதவு திறந்ததும் ஒரு வித்தியாசம் புரிந்தது. எங்கள் குளிர் அறையிலிருந்து இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். இங்கே வெளியே வந்த பிறகுதான் குளிர் அறை ஆரம்பிக்கிறது.

வந்த காரியம் இது. நாங்கள் அனுப்பிய ஒரு கண்டெய்னர் இறாலில் பாதிப் பெட்டிகள் உருகி மறுபடி உறைந்திருப்பதாக டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் இறக்குமதிக்காரர் புகார் சொல்லியிருந்தார். கண்டெய்னருக்குள் வைத்த கருவி, வழி முழுக்க மைனஸ் இருபது என்று பதிவு செய்திருந்தது. ஆகவே இறால் ஏற்றுவதற்கு முன்பு தூத்துக்குடியில் உருகியிருக்க வேண்டும், அல்லது இறக்கிய பிறகு ஸ்காபரோவில் உருகியிருக்க வேண்டும். எது என்று கண்டுபிடித்து, படிவத்தில் காரணம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் கிளம்பும்போது சொல்லி அனுப்பினார்: "தப்பு நம்ம மேலன்னு ஆச்சுன்னா அவர் சரக்கு எடுக்க மாட்டார். ரெண்டாவது ஷெட்டை மூட வேண்டியதுதான்."

இரண்டாவது ஷெட்டில்தான் என் அம்மா இறால் உரிக்கிறாள். அதே கம்பெனியில் மாடியில் எனக்கு மேசையும் வெள்ளைக் கோட்டும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். இதை நான் அடிக்கடி சொல்வதாகத் தோழிகள் குறை சொல்வார்கள். சொல்லாமல் இருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இறக்குமதிக்காரரின் பெயர் சிவம். யாழ்ப்பாணத்துக்காரர். கனடாவுக்கு வந்த புதிதில் அதே நகரத்தின் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் ஏழு பேரோடு இருந்தவர். இப்போது ஸ்காபரோவில் பிளாசா என்கிற ஒரு கடை வளாகத்தின் பின்பக்கம் அவருடைய மீன் கிடங்கு, முன்பக்கம் அவர் மனைவி வசந்தி அக்காவின் உணவகம். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். எங்கள் ஊர் மரியாதை அது.

"அண்ணாச்சியோ? இஞ்சை எல்லாரும் அண்ணை எண்டுதான் கூப்பிடுறவை. உதுவும் வடிவாய்த்தான் இருக்கு. அப்பிடியே கூப்பிடும்" என்றார். பிறகு உணவகத்தின் கதவைத் திறந்து, உள்ளே காலியாக இருந்த ஆறு மேசைகளையும் கடந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, "வாரும் பிள்ளை, வெளியிலை இருப்பம்" என்றார்.

"உள்ள இடம் இருக்கே, அண்ணாச்சி."

"உள்ளுக்கு இருக்கிறதெண்டால் வீட்டிலை இருக்கலாமே."

என் உடம்பு விறைத்தது. அதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. என் அப்பா ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் சுமந்தவர். படகு முதலாளி வீட்டுக்கு ஐஸ் கொண்டுபோகிற நாட்களில் அங்கேயே சாப்பாடு கொடுப்பார்கள். நல்ல சாப்பாடுதான். மீன் துண்டு பெரிதாகவே இருக்கும். இடம் மட்டும் வெளியே, பின்வாசல் பக்கம். முதலாளி உள்ளே சாப்பிடுவார். சின்ன வயதில் அப்பாவோடு இரண்டு தடவை நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குப் போன பிறகு நான் எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம், எந்தக் கடையில் சாப்பிட்டாலும் உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவது. இப்போது, குற்றம் சாட்டப்பட்ட கம்பெனியிலிருந்து வந்தவள் என்பதால் என்னை வெளியே உட்கார வைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அண்ணாச்சி எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஒரு கம்பளியை என் முழங்காலில் போட்டார். இன்னொன்றைத் தன் முழங்காலில் போட்டுக்கொண்டார். தண்டனை என்றால் இவரும் சேர்ந்து அனுபவிக்கிறார் என்று தெரிந்தது.

வசந்தி அக்கா இடியப்பமும் மீன் சொதியும் கொண்டுவந்து வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கிற மஞ்சள் குழம்பு. என் பையில் எப்போதும் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று இருக்கும். பழக்கதோஷத்தில் குத்திப் பார்த்தேன். மேசைக்கு வந்தபோது எண்பது. ஐந்தாவது நிமிடம் ஐம்பத்தெட்டு. பத்தாவது நிமிடம் முப்பத்தொன்று, மேலே ஆடை கட்டிவிட்டது. இந்த நாட்டில் வெளியே சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட முடியாது. முதலில் சாப்பிட வேண்டும், பிறகு பேச வேண்டும். எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான்.

வெளி மேசைகள் வசந்தி அக்காவின் யோசனை. பிளாஸ்டிக் சுவர் வைத்த கூடாரம், எட்டு மேசை, மேலே கம்பி சிவந்து எரிகிற நான்கு ஹீட்டர். ஆள் இல்லாத கூடாரத்துக்குள் யாரும் வர மாட்டார்கள் என்பதால் யாராவது இரண்டு பேர் அங்கே எப்போதும் தெரிய வேண்டுமாம். "ரெண்டு பேர் இருந்தால்தான் மூண்டாவது ஆள் வரும்" என்றார் அண்ணாச்சி. ஆக நான் விருந்தாளியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. தூண்டிலில் இரையாகக் கோத்த மீன்.

அன்று மாலை அம்மா ஷெட்டுக்குக் கிளம்பும் முன் போன் செய்தாள். "ஏட்டி, சாப்பிட்டியா? எங்க வச்சு சோறு போட்டாங்க?"

"உள்ளதாம்மா" என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் கிடங்குக்கு பஸ்ஸில் போனேன். சாலையைச் சுத்தம் செய்கிற வண்டி பனியை எல்லாம் ஓரத்தில் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பி வைத்திருந்தது. எனக்கு முன்னால் நின்ற பள்ளிப் பையன்கள் அதைத் தாண்டினார்கள். நானும் தாண்டினேன். வலது கால் முழங்கால் வரை இறங்கியது. காலை இழுத்தபோது கால் வந்தது, ஷூ வரவில்லை. ஒரு காலில் காலுறையோடு பஸ் படியில் நின்றேன். ஓட்டுநர் ஒரு கறுப்பினப் பெண்மணி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அவசரமில்லை. உன் ஷூவும் வரட்டும். அதற்குத் தனி டிக்கெட் வேண்டாம்." பஸ்ஸில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். தூத்துக்குடியில் இதற்குள் மூன்று பேர் இறங்கி எனக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே பயணிகள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிடங்கில் அண்ணாச்சி கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து காட்டினார். பாக்கெட்டுக்குள் இறால்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி இருந்தன. சந்தேகமே இல்லை, உருகி உறைந்தவைதான். அவருடைய ஃப்ரீசர் அறையைச் சோதித்தேன். மைனஸ் இருபத்திரண்டு. கதவு, பதிவேடு, எல்லாம் எங்களுடையதைவிட ஒழுங்கு.

"பாத்தீரோ? என்ரை பக்கம் பிழை இல்லை. உங்கடை பக்கம் ஆரோ வெளியிலை வைச்சிட்டாங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தூத்துக்குடி வெயிலில் பெட்டியை அரை மணி நேரம் வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படி நடக்கவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. நான் மாடியில் இருப்பவள்.

மூன்றாம் நாள் வசந்தி அக்கா என்னை நகரத்துக்குள் கூட்டிப்போனார். தன்னுடைய நீளமான கறுப்புக் கோட்டை எனக்குக் கொடுத்திருந்தார். "என்ரை பைத்தியம் எங்கை தொடங்கினது எண்டு காட்டுறன், வாரும்" என்றார். பழைய செங்கல் கட்டடங்களுக்கு நடுவே ஒரு முற்றம். மரக்கடைகள், தூக்கிக் கட்டிய விளக்குகள், இரும்புத் தொட்டிகளில் விறகு எரிந்தது. சுற்றி நூற்றுக்கணக்கான பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், குடித்தார்கள். கையுறை போட்ட கையில் ஒருவர் பியர் வைத்திருந்தார். அதன் விளிம்பில் ஐஸ் கட்டியிருந்தது. அதை உடைத்து உடைத்துக் குடித்தார். எனக்குப் பக்கத்தில் நெருப்புக் காய்ந்த வயதான தம்பதியில் அந்த அம்மாள், "இன்றைக்கு இதமாக இருக்கிறது, தொப்பியைக் கழற்றிவிடலாம் போல" என்று கணவரிடம் சொன்னார். தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். மைனஸ் பதினொன்று. அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

வசந்தி அக்கா எனக்கு ஒரு கோப்பை வாங்கித் தந்தார். ஆவி பறந்தது. கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் மிதந்தன. எங்கள் ஊரில் இவற்றில் பாதியை வைத்துப் பிரியாணி செய்வோம்.

"இது சாராயமாக்கா?"

"சூடாக்கின வைன். மருந்தெண்டு நினைச்சுக் குடியும். நானும் அப்பிடித்தான் நினைக்கிறனான், ரெண்டாவது கப் வரைக்கும்."

அறுபத்து நான்கு டிகிரி. குடித்தேன். காது இரண்டும் தலையில் இருப்பது மறுபடி தெரிந்தது. எங்கள் ஊரிலும் பரோட்டாக் கடைகளில் ஜனம் ரோட்டில்தான் உட்காரும். உள்ளே அடுப்புச் சூடு தாங்காது. இவர்களுக்கு உள்ளே எந்தக் கஷ்டமும் இல்லை. இருந்தும் வெளியே வந்து, வெளியேயும் உள்ளே மாதிரி நெருப்பு மூட்டி, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஏன் என்று கேட்டால் இரண்டாவது கப் என்று சொல்வேன்.

"எங்கடை ஆக்கள் ஏன் இப்பிடி வெளியிலை வரக்கூடாது?" என்றார் வசந்தி அக்கா. "வீடு, வேலை, கார், திரும்ப வீடு. இருவத்தெட்டு வருசமாய் இந்த நாட்டுப் பனியைக் கண்ணாடிக்குள்ளாலைதான் பாக்கினம்."

அவர் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நான்காம் நாள் சனிக்கிழமை கேட்டேன். கூடாரத்தில் இளம்பிள்ளைகள் ஐந்து மேசை பிடித்திருந்தார்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்து சிரித்துக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். பெரியவர்கள் உள்ளே. தினமும் வருகிற ஒரு அங்கிளிடம் வசந்தி அக்கா, "வெளியிலை இருங்கோவன் அங்கிள், சூடாய்க் கிடக்கு" என்று கெஞ்சினார்.

"நாங்கள் அகதியாய் வந்தனாங்கள், பிள்ளை" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "வெளியிலை நிண்டது காணும்."

காணும் என்றால் போதும். அவர் பேச்சு எனக்கு உடனே புரிந்தது. இருந்தாலும் நான் போய் கூடாரத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். அங்கே ஆள் தேவைப்பட்டது.

இஞ்சித் தேநீர் வந்தது. குத்திப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்தும் அறுபத்தாறு. என் முதல் நாள் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. முதுகுப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குப் பின்னால் மூலையை மறைத்து ஒரு தார்ப்பாய் தொங்கியது, ஹீட்டர் ஒன்று நேராக அதைப் பார்த்து எரிந்தது. தார்ப்பாயைச் சும்மா விலக்கி உள்ளே தெர்மாமீட்டரை நீட்டினேன். பதினான்கு. மைனஸ் இல்லை, பிளஸ். கொடைக்கானல் மாதிரி.

தார்ப்பாய்க்குப் பின்னால், ஹீட்டர் வெளிச்சம் படாமல் இன்னும் உறைந்தே கிடந்த சுவரோரத் தரையில், ஒரு மரப்பலகை அடுக்கு கிடந்தது. அதன் கீழ்ப்பாதி ஐஸில் புதைந்திருந்தது. பலகையின் ஓரத்தில் கிழிந்த அட்டைத் துண்டு ஒன்று கண்ணாடி போன்ற ஐஸுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. நீல எழுத்து. லாட் நம்பர், அதாவது சரக்குத் தொகுதியின் எண். ஏழுக்கு நடுவில் கோடு போட்டு எழுதியிருந்தது. எங்கள் கம்பெனியில் ஏழுக்குக் கோடு போடுகிறவள் நான்.

உறைந்த பெட்டி பலகையில் ஒட்டாது. தண்ணீர் ஒழுகி, பிறகு அந்தத் தண்ணீர் உறைந்தால்தான் ஒட்டும்.

வசந்தி அக்கா தட்டுகளை எடுக்க வந்தபோது சாதாரணமாகக் கேட்டேன், கூடாரம் எப்போது திறந்தது என்று. "தைப்பொங்கல் கழிஞ்ச கிழமை. முதல்நாளே ஒரு பிறந்தநாள் பார்ட்டி, நாப்பது பேர். விடிய விடிய நாலு ஹீட்டரும் எரிஞ்சது" என்றார் பெருமையாக. அதாவது பொங்கலுக்கு அடுத்த வாரம். எங்கள் கண்டெய்னர் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. பொங்கல் சரக்கால் ஃப்ரீசர் அறை நிரம்பி வழிந்ததாகக் கிடங்குப் பதிவேட்டில் படித்திருந்தேன். நிரம்பி வழிந்தது எங்கே போய் இருந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அம்மாவின் ஷெட் தப்பியது. ஆனால் நான் வசந்தி அக்காவின் கோட்டைப் போட்டிருந்தேன், அவர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன், அவருடைய பைத்தியத்தின் மேல்தான் குற்றம் எழுத வேண்டியிருந்தது. அன்று சொல்லவில்லை. அந்த அட்டைத் துண்டைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு உணவகத்துக்குப் போனேன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அண்ணாச்சியைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டேன். அவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்லக்கூடாது என்பது என் முடிவு. மைனஸ் பதினைந்து. ஆகவே சீக்கிரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க."

அவர் குந்தி உட்கார்ந்து, கார்ச் சாவியால் ஐஸைச் சுரண்டினார். நம்பரைப் படித்தார். மறுபடி படித்தார். மேலே ஹீட்டரைப் பார்த்தார்.

"வசந்தி! அந்தப் பிறந்தநாளுக்கு எத்தினை ஹீட்டர் போட்டனீர்?"

"நாலும்தான். ஏன்?" என்று குரல் வந்தது, பிறகு ஆள் வந்தார்.

"இந்த மூலையிலை என்ன கிடந்ததெண்டு பாத்தனீரோ?"

"நீங்கள்தானே தார்ப்பாயாலை மூடினது. மூடினதை நான் ஏன் திறக்கிறன்?"

"அது இறால்."

"எனக்குச் சொன்னனீங்களோ? ஃப்ரீசர் காணாட்டி என்ன, கனடாவே ஒரு பெரிய பிரிஜ் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள். பிரிஜ்ஜுக்கை கொண்டுபோய் அடுப்பு மூட்டினது என்ரை பிழையோ?"

அண்ணாச்சி எழுந்தார். என்னைப் பார்க்காமல் பின்பக்கம் போய்விட்டார். வசந்தி அக்கா கோட்டில்லாமல் நின்ற என்னைப் பார்த்தார். "உள்ளுக்குப் போய் இரும்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். மேலே சூடான காற்று வருகிற துவாரம், மின்விசிறி இருக்க வேண்டிய அதே இடத்தில். வாழ்க்கை முழுக்க நான் கேட்ட இடம். இவ்வளவு மோசமாக எந்த இடத்திலும் உட்கார்ந்ததில்லை. அடுத்த மேசையில் அந்த அங்கிள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீரும் எங்கடை பக்கம் வந்திட்டீரோ?" என்றார் திருப்தியாக.

ஆமாம் என்று தலையாட்டினேன். கூடாரப் பக்கமிருந்து இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது. கூடாரத்தைப் பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் ஒரு கண்டுபிடிப்பால் ஒரு ஷெட் பிழைத்தது, ஒரு கூடாரம் போயிற்று. படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் எதுவும் எழுதவில்லை.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வெளியே அண்ணாச்சி. கையில் கடப்பாரை, மீசையில் ஐஸ் தூள்.

"உள்ளுக்கு என்ன செய்யிறீர்?" என்று கண்ணாடி வழியே கத்தினார். "உமக்கு இடம் துப்பரவாக்கி என்ரை இடுப்பு முறிஞ்சு போச்சு. வாரும்!"

தார்ப்பாய் இல்லை, பலகை இல்லை. ஐஸ் உடைத்து அள்ளிய மூலையில், ஹீட்டருக்கு நேர் கீழே, ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டிருந்தார்கள். வசந்தி அக்கா என் தோளில் கோட்டைப் போட்டுவிட்டு இடியப்பமும் சொதியும் வைத்தார்.

அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து படிவத்தைக் கேட்டார். காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. "உள்ளதை எழுதும்" என்றார். எழுதினேன்: இறக்கிய பிறகு, பெறுநரின் இடத்தில், சரக்கு வெப்பத்தில் வைக்கப்பட்டது.

வாங்கிப் படித்தார். "வெப்பத்திலை" என்றார். "ஸ்காபரோவிலை. தை மாசம். இதை ஆர் நம்புவான்?"

"படம் இருக்கு, அண்ணாச்சி."

அவர் கையெழுத்துப் போடப் பார்த்தார். ஐஸ் உடைத்தபோது பையில் இருந்த பேனாவில் மை உறைந்துவிட்டிருந்தது. வசந்தி அக்கா பேனாவை வாங்கித் தேநீர்க் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துச் சூடாக்கிக் கொடுத்தார். போட்டார். "அடுத்த கண்டெய்னர் சித்திரைக்கு முதல் வரவேணும். உங்கடை மேனேஜருக்குச் சொல்லும்" என்றார். "உள்ளுக்கு வைப்பன்."

அப்போது போன் அடித்தது. அங்கே இரவு எட்டரை. அம்மா ஷெட்டிலிருந்து திரும்பியிருப்பாள்.

"ஏட்டி, ஷெட்டு?"

"நடக்கும்மா."

அம்மா எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"காத்து இரையுது. வெளியவா இருக்க வச்சிருக்காங்க?"

"ஆமாம்மா."

"உள்ள இடமில்லையாக்கும்."

"உள்ள நிறைய இருக்கு. இதுதான் நல்ல இடம்."

அம்மா யோசித்தாள். "மீன் வச்சாங்களா? துண்டு பெரிசா?"

"பெரிசும்மா" என்றேன். "எதிர்ல அண்ணாச்சியும் உக்காந்து சாப்பிடுறாரு."